ஆப்பிரிக்கச் சமவெளி வேட்டை: ரைஃபிளும் தோட்டாவும் தேர்ந்தெடுக்கும் முறை

ஆப்பிரிக்க வேட்டை வழக்கில் 'சமவெளி விலங்குகள்' என்பது இரலை மான்கள், வரிக்குதிரை, வார்ட்ஹாக் என்னும் காட்டுப்பன்றி ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயர். யானை, காண்டாமிருகம், கேப் எருமை, சிங்கம், சிறுத்தை, நீர்யானை, முதலை ஆகியவை 'ஆபத்தான விலங்குகள்' என்ற தனி வகுப்பில் அடங்கும். பெயரில் சமவெளி இருந்தாலும் முதல் வகுப்பைச் சேர்ந்தவை எல்லாம் திறந்த புல்வெளியில் வாழ்பவை அல்ல. குடு மான் முட்புதர்க் காட்டிலும் குன்றுச் சரிவிலும் மறைந்து வாழும். நியாலா ஆற்றோரப் புதர்களை விட்டு அதிகம் விலகாது. ஹார்ட்மன் மலை வரிக்குதிரை நமீபியாவின் பாறை மலைகளில் ஏறித் திரியும்.

உடல் அளவிலும் இவற்றுக்குள் பெரிய இடைவெளி உண்டு. ஸ்டீன்பாக் என்னும் சிற்றிரலையின் எடை 11 கிலோ அளவே. ஸ்பிரிங்பாக் 30 முதல் 45 கிலோ, இம்பாலா கிடா 50 முதல் 75 கிலோ. குடு, ஜெம்ஸ்பாக், நீல வில்டபீஸ்ட் ஆகியவற்றின் ஆண்கள் 200 முதல் 270 கிலோ வரை எடை கொண்டவை. வரிக்குதிரை 300 கிலோவைத் தொடும். இரலைகளில் மிகப் பெரியதான ஈலண்டின் முதிர்ந்த ஆண் 900 கிலோவையும் எட்டக்கூடும். ஒரே பயணத்தில் இவற்றில் நான்கைந்து இனங்களை வேட்டையாட உரிமம் பெற்றுத் தென்னாப்பிரிக்காவுக்கோ நமீபியாவுக்கோ வருபவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு ரைஃபிளைத்தான் கொண்டுவருகிறார்கள். அந்த ஒன்று எதுவாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை இயற்பியலிலும் விலங்கின் உடற்கூற்றிலும் இருக்கிறது.

இந்த வேட்டை இன்று சட்டத்தின் வரம்புக்குள் நடக்கிறது. வரம்பில்லாத காலம் என்ன செய்தது என்பதற்குக் குவாக்கா சாட்சி. தென்னாப்பிரிக்காவின் புல்வெளிகளில் கூட்டம் கூட்டமாக மேய்ந்த அந்த வரிக்குதிரை வகையின் கடைசி விலங்கு 1883-இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது. கென்யா 1977-இல் வேட்டையை முற்றிலும் தடை செய்தது. நமீபியா வேறு வழியில் சென்றது. அங்கே 1996-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஊர்ப் பொது நிலங்களில் வாழும் சமூகங்களுக்குக் காட்டுயிர் மீது நிர்வாக உரிமை அளித்தது. வேட்டைக் கட்டணத்தில் அவற்றுக்குப் பங்கும் கிடைத்தது. இரு வழிகளில் எது சரி என்ற விவாதம் தொடர்கிறது. ஆனால் வேட்டை அனுமதிக்கப்பட்ட இடத்தில் விலங்கு நொடிகளில் இறக்க வேண்டும், காயத்துடன் புதருக்குள் ஓடி நாள்கணக்கில் துன்புறக் கூடாது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ரைஃபிளையும் தோட்டாவையும் தேர்ந்தெடுக்கும் கலை முழுவதும் இந்த ஒரு கடமையிலிருந்து பிறப்பதுதான்.

குண்டு எப்படிக் கொல்கிறது

குண்டு பட்டதும் விலங்கு தூக்கி எறியப்படும் என்பது திரைப்படம் வளர்த்த நம்பிக்கை. கணக்கு அதற்கு இடம் தருவதில்லை. பரவலாகப் பயன்படும் .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் தோட்டாவின் 11.7 கிராம் குண்டு குழலை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 823 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. எடையையும் வேகத்தையும் பெருக்கினால் வரும் உந்தம் 9.6 கிலோகிராம் மீட்டர்/நொடி. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்பட்ட கிரிக்கெட் பந்தின் உந்தம் ஏறத்தாழ 6.2. அதாவது குண்டு தள்ளும் தள்ளல் ஒன்றரைப் பந்து அளவுதான். 250 கிலோ எடையுள்ள குடு மான் அந்த உந்தத்தை முழுவதும் வாங்கிக்கொண்டாலும் நொடிக்கு நான்கு சென்டிமீட்டர் வேகத்தில்தான் நகரும். சுடுபவரின் தோள் வாங்கும் உந்தம் இதைவிட அதிகம்.

ஆற்றலில்தான் வேறுபாடு இருக்கிறது. அந்தப் பந்தின் இயக்க ஆற்றல் 120 ஜூல் அளவு. குண்டின் ஆற்றல் 3,950 ஜூல். இந்த ஆற்றல் விலங்கைத் தள்ளுவதில் செலவாவதில்லை. குண்டை விரியச் செய்வதிலும், அது செல்லும் பாதையில் உள்ள திசுவைக் கிழிப்பதிலும் செலவாகிறது. கிழிபடும் திசு எது என்பதே முடிவைத் தீர்மானிக்கும். இதயமோ அதிலிருந்து கிளம்பும் பெருங்குழாய்களோ இரு நுரையீரல்களுமோ சிதைந்தால் இரத்த அழுத்தம் சட்டென்று விழும். மூளைக்குப் பிராணவாயு நிற்கும். விலங்கு நினைவிழந்து சாயும். வயிற்றில் பட்ட குண்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இதைச் செய்யாது.

இதயம் சிதைந்த பிறகும் மூளையிலும் தசைகளிலும் எஞ்சியிருக்கும் பிராணவாயு பத்துப் பதினைந்து நொடிகளுக்குப் போதுமானது. அந்த நேரத்தில் அச்சமுற்ற ஓர் இரலை நூறு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். எனவே சுட்ட இடத்திலேயே விழவில்லை என்பதால் குண்டு தவறியது என்று ஆகிவிடாது. தண்டுவடமோ மூளையோ தாக்கப்பட்டால் மட்டுமே விலங்கு நின்ற இடத்தில் விழும். ஆனால் அவை மிகச் சிறிய இலக்குகள். நூலிழை தவறினாலும் தாடை உடைந்த விலங்கு தப்பி ஓடிப் பட்டினியால் சாகும். அதனால் அனுபவமுள்ள வழிகாட்டிகள் மார்புக்கூட்டையே குறிபார்க்கச் சொல்கிறார்கள்.

ஆப்பிரிக்க இரலைகளில் இதயம் மார்பின் கீழ்ப்பகுதியில், முன்னங்கால்களுக்கு நேர் மேலே, முன்தள்ளி அமைந்திருக்கிறது. பக்கவாட்டில் நிற்கும் விலங்கின் முன்னங்காலின் நடுக்கோட்டைப் பிடித்து மேலே சென்று, உடலின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்தினால் அந்த இடம் இதயத்தின் மேல்முனை. தோள்பட்டைக்குப் பின்னால் தள்ளிச் சுட்டுப் பழகியவர்கள் இங்கே கல்லீரலையோ இரைப்பையையோ தாக்கிவிடும் வாய்ப்பு உண்டு. வில்டபீஸ்ட் இன்னொரு வகையில் ஏமாற்றும். அதன் உயர்ந்த தோளும் தொங்கும் பிடரிமயிரும் மார்பை உண்மையில் இருப்பதைவிட ஆழமாகக் காட்டும். பார்வைக்கு நடுவில் என்று தோன்றும் இடத்தில் சுட்டால் குண்டு நுரையீரலின் மேல்விளிம்பில் போய்விடும். விலங்கு சாய்வாக நின்றால் தோலில் எந்த இடம் என்று பார்ப்பதைவிட, குண்டு எதிர்ப்பக்க முன்னங்காலை நோக்கிச் செல்லுமா என்று மனத்தில் கோடு இழுத்துப் பார்ப்பதே சரியான முறை.

தோட்டாவின் பெயரும் பலமும்

தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. அதன் பெயரில் பெரும்பாலும் அளவு ஒளிந்திருக்கும். 7×57 மவுசர் என்றால் 7 மில்லிமீட்டர் குழல், 57 மில்லிமீட்டர் நீளக் கூடு. .30-06 என்றால் அங்குலத்தில் 0.30 அளவுக் குழல். அமெரிக்க இராணுவம் அதை ஏற்ற ஆண்டு 1906. .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் என்ற பெயரில் இருப்பது குண்டின் விட்டமான 0.375 அங்குலமும், 1912-இல் அதை வெளியிட்ட லண்டன் நிறுவனத்தின் பெயரும்.

ஆப்பிரிக்கச் சமவெளியில் புகழ்பெற்ற தோட்டாக்களில் பல போர்க்களத்திலிருந்து வந்தவை. 1890-களில் உருவான 7×57 மவுசரைத்தான் 1899 முதல் 1902 வரை நடந்த ஆங்கில-போயர் போரில் போயர் குடியானவர்கள் ஏந்தினார்கள். போருக்குப் பின் அதே ரைஃபிள்கள் பண்ணை வீட்டுச் சுவர்களில் தொங்கி, இறைச்சிக்காக ஸ்பிரிங்பாக் சுடப் பயன்பட்டன. 1905-இல் பெர்லின் துப்பாக்கித் தொழிலாளர் ஓட்டோ போக் உருவாக்கிய 9.3×62, ஆப்பிரிக்காவின் ஜெர்மன் காலனிகளில் குடியேறியவர்களுக்கு ஏற்றதாக அமைந்தது. விலை குறைந்த சாதாரண மவுசர் ரைஃபிளிலேயே அது பொருந்தியது. ஈலண்டையும் எருமையையும் வீழ்த்தும் பலம் அதற்கு இருந்தது. அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசென்ற ரைஃபிள்களில் ஒன்று .30 காலிபர் ஸ்பிரிங்ஃபீல்ட். அதே தொழில்நுட்ப வழியில் 1925-இல் .270 வின்செஸ்டர், 1952-இல் .308 வின்செஸ்டர், 1963-இல் .300 வின்செஸ்டர் மேக்னம் ஆகியவை வந்தன.

இவற்றின் பலத்தை ஒப்பிட எளிய அளவு, குழல் வாயில் குண்டுக்கு இருக்கும் ஆற்றல். 9 கிராம் குண்டுடன் 7×57 ஏறத்தாழ 3,000 ஜூல் தருகிறது. .308 ஏறத்தாழ 3,600, .270 ஏறத்தாழ 3,650, .30-06 ஏறத்தாழ 3,950, .300 வின்செஸ்டர் மேக்னம் 4,700-க்குச் சற்று மேல், 9.3×62 ஏறத்தாழ 4,800, .375 ஏறத்தாழ 5,800 ஜூல். நமீபியச் சட்டம் இந்த அளவையே கோலாகக் கொண்டிருக்கிறது. ஸ்பிரிங்பாக் போன்ற சிறிய விலங்குகளுக்கு 1,350 ஜூல், குடு, ஜெம்ஸ்பாக், வில்டபீஸ்ட், ஈலண்ட் ஆகியவற்றுக்கு 2,700 ஜூல், எருமை, யானை போன்றவற்றுக்கு 5,400 ஜூல் என்று குறைந்தபட்ச அளவுகள் அங்கே விதிக்கப்பட்டுள்ளன. மேலே சொன்ன தோட்டாக்கள் அனைத்தும் சமவெளி விலங்குகளுக்கான வரம்பைத் தாண்டிவிடுகின்றன. எனவே தேர்வு ஆற்றலோடு முடிந்துவிடுவதில்லை.

ஆற்றலுக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது ஊடுருவும் திறன். ஒரே எடையுள்ள இரு குண்டுகளில் மெலிந்து நீண்டது ஆழமாகச் செல்லும்; தடித்துக் குட்டையானது விரைவில் நின்றுவிடும். குண்டின் எடையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணுக்குக் குறுக்குவெட்டு அடர்த்தி என்று பெயர். பவுண்டு, அங்குலக் கணக்கில் .30 காலிபரின் 11.7 கிராம் குண்டுக்கு இது 0.271; .375 காலிபரின் 19.4 கிராம் குண்டுக்கு 0.305; 7 மில்லிமீட்டரின் 11.3 கிராம் நீளக் குண்டுக்கு 0.310. சிறிய 7×57 தன் அளவுக்கு மீறிய வேலை செய்ததன் காரணம் இந்த எண்ணில் இருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த 'கரமோஜோ' பெல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான யானைகளை இதே தோட்டாவால் வீழ்த்தினார். அதற்கு அவருக்கு உதவியது யானையின் மண்டையோட்டை அறுத்துப் படித்த உடற்கூற்று அறிவு. அந்தச் செயலை இன்று சட்டமும் அறமும் ஏற்காது. ஆனால் குண்டு சேரும் இடம் அதன் பருமனைவிட முக்கியம் என்ற பாடம் அதிலிருந்து கிடைக்கிறது.

குண்டின் கட்டமைப்பு

தோட்டாவின் பெயரைப் பற்றி வேட்டைக்காரர்கள் விவாதிக்கும் நேரத்தில் பாதியைக் குண்டின் கட்டமைப்புக்குக் கொடுத்தால் காயப்பட்டுத் தப்பும் விலங்குகளின் எண்ணிக்கை குறையும். ஒரே .30-06 தோட்டாவில் ஒரு வகைக் குண்டு வரிக்குதிரையின் தோளெலும்பில் நொறுங்கிப்போகும்; இன்னொரு வகை இரு தோள்களையும் துளைத்து மறுபுறம் வெளியேறும்.

இராணுவக் குண்டு முழுவதும் உலோக உறை போர்த்தியது. அது விரியாமல் ஊசிபோல் துளைத்துச் செல்லும். கல்கத்தா அருகே டம் டம் ஆயுதச் சாலையில் 1890-களில் செய்யப்பட்ட விரியும் குண்டுகள் எழுப்பிய எதிர்ப்பைத் தொடர்ந்து, 1899-ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் அத்தகைய குண்டுகளைப் போரில் தடை செய்தது. வேட்டையில் நியாயம் தலைகீழாக இருக்கிறது. விரியாத குண்டு மெல்லிய துளையிட்டு விலங்கை மெதுவாகச் சாகவிடும். விரியும் குண்டு அகன்ற காயத்தால் விரைவில் கொல்லும். அதனால் இரலை வேட்டைக்கு உரியது முனை விரியும் குண்டுதான்.

வழக்கமான வேட்டைக் குண்டு, ஈய உள்ளகத்தின் மேல் செம்புக் கலப்பு உறை பூட்டியது. முனையில் ஈயம் வெளியே தெரியும். திசுவில் புகுந்ததும் முனை காளான்போல் மலர்ந்து விட்டம் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை ஆகும். இம்பாலாவுக்கும் ஸ்பிரிங்பாக்குக்கும் இது போதும். ஆனால் மிக அருகில், மிக வேகமாக, கனத்த எலும்பில் மோதும்போது உறை கிழிந்து ஈயம் சிதறலாம். அப்போது ஊடுருவல் பாதியில் நின்று, மேலோட்டமான பெரிய புண் மட்டும் ஏற்படும். இதை நேரில் கண்டவர் அமெரிக்கரான ஜான் நோஸ்லர். 1946-இல் கனடாவில் மூஸ் மானைச் சுட்டபோது அவருடைய குண்டுகள் போதிய ஆழம் செல்லவில்லை. குண்டின் நடுவே உறை உலோகத்தாலேயே ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினால் முன்பாதி விரிந்தாலும் பின்பாதி கலையாமல் உள்ளே செல்லும் என்று அவர் கண்டார். 1948 முதல் விற்பனைக்கு வந்த அந்தப் 'பார்ட்டிஷன்' குண்டு இன்றும் தயாரிக்கப்படுகிறது. பின்னர் ஈயத்தையும் உறையையும் உருக்கிப் பிணைத்த குண்டுகள் வந்தன. 1989-இல் பார்ன்ஸ் நிறுவனம் ஈயமே இல்லாத, முழுச் செம்பில் கடைந்த குண்டை விற்கத் தொடங்கியது.

செம்புக் குண்டு நான்கு இதழாக விரியும். எடையை ஏறக்குறைய முழுவதும் தக்கவைத்துக்கொள்ளும். அதனால் ஈயக் குண்டைவிட ஒரு படி எடை குறைந்ததைத் தேர்ந்தாலும் ஊடுருவல் குறையாது. ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும்; நீளமான குண்டு நிலைத்துப் பறக்கக் குழலின் உள்வரிகள் வேகமாகச் சுழற்ற வேண்டும். .30-06 ரைஃபிள்களில் வழக்கமாக 25.4 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று என்ற அளவில் உள்வரி இருக்கிறது. நொடிக்கு 823 மீட்டர் வேகத்தில் அது குண்டை நொடிக்கு 3,200 தடவைக்கு மேல் சுழலச் செய்கிறது.

ஈயமற்ற குண்டுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. ஈயக் குண்டு சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இறைச்சியிலும் காட்டில் விடப்படும் குடலிலும் தங்கிவிடும். அந்தக் குடலைத் தின்ன வருபவை கழுகுகளும் பிணந்தின்னிக் கழுகுகளும். போட்ஸ்வானாவில் வெண்முதுகுப் பிணந்தின்னிக் கழுகுகளின் இரத்தத்தில் ஈய அளவை ஆராய்ந்தபோது வேட்டைப் பருவத்திலும் வேட்டைப் பகுதிகளிலும் அது உயர்ந்திருந்தது. அழிவின் விளிம்பில் நிற்கும் அந்தப் பறவைகளுக்காகவும், அந்த இறைச்சியை உண்ணும் குடும்பங்களுக்காகவும் செம்புக் குண்டைத் தேர்வது நல்லது.

தூரமும் காற்றும்

குழலை விட்ட கணத்திலிருந்து குண்டு விழத் தொடங்குகிறது. காற்றுத் தடையால் வேகமும் குறைகிறது. .30-06 குண்டு 300 மீட்டரை அடைய ஏறத்தாழ 0.4 நொடி ஆகும். அப்போது அதன் வேகம் நொடிக்கு 650 மீட்டர் அளவுக்கும், ஆற்றல் 2,500 ஜூல் அளவுக்கும் இறங்கிவிடும். 200 மீட்டரில் குறியும் குண்டும் ஒன்றுசேரும்படி ரைஃபிளைச் சரிசெய்தால், 100 மீட்டரில் குண்டு குறிக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் மேலே படும்; 300 மீட்டரில் ஏறத்தாழ கால் மீட்டர் கீழே படும். இவ்வாறு அமைத்த ரைஃபிளால் 220, 230 மீட்டர் வரை எந்தத் திருத்தமும் இன்றி மார்பைக் குறிபார்த்துச் சுடலாம்.

.300 மேக்னம் போன்ற வேகமான தோட்டா 300 மீட்டரில் இந்த வீழ்ச்சியை ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கே குறைக்கிறது. காற்றின் குறுக்கீடு அதைவிடப் பெரியது. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் மிதமான காற்று .30-06 குண்டை 300 மீட்டரில் ஏறத்தாழ ஒரு சாண் தள்ளிவிடும். வீழ்ச்சியைக் கருவி அளந்து சொல்லிவிடும். புல்லும் புழுதியும் காட்டும் காற்றை மனிதக் கண்தான் கணிக்க வேண்டும்.

தூரத்தின் உண்மையான எல்லை, சுடுபவரின் கையில் இருக்கிறது. ஒருவர் வேட்டை நிலையில் நின்று 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் எல்லாக் குண்டுகளையும் போடுகிறார் என்று கொள்வோம். 200 மீட்டரில் அந்த வட்டம் 20 சென்டிமீட்டர் ஆகும். 300 மீட்டரில் 30. ஸ்பிரிங்பாக்கின் உயிர்நிலை வட்டம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர், குடுவுடையது ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். எனவே அவருக்கு ஸ்பிரிங்பாக்கின் எல்லை 150 மீட்டர், குடுவின் எல்லை 250 மீட்டர். எந்த மேக்னம் தோட்டாவும் இந்த எல்லையை நீட்டித் தராது. லிம்போப்போ மாகாணத்தின் முட்புதர்க் காடுகளில் பெரும்பாலான வேட்டுகள் 150 மீட்டருக்குள் முடிந்துவிடும். கரூ, கலஹாரி போன்ற திறந்த வெளிகளிலும் நமீபிய மலைகளிலும் 200, 300 மீட்டர் வரை நீளும். அங்கே செல்பவர் அதற்கேற்பப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

பின்னுதைப்பு

குண்டும் வெடிவாயுவும் முன்னால் பெறும் உந்தத்தை ரைஃபிள் பின்னால் பெறுகிறது. .30-06-இல் அந்த மொத்த உந்தம் ஏறத்தாழ 13.8. ரைஃபிளின் எடை 3.6 கிலோ என்றால் அது நொடிக்கு 3.8 மீட்டர் வேகத்தில் தோளில் மோதும். ஆற்றல் 26 ஜூல். அதே எடையில் 7×57 தருவது 16 ஜூல் அளவு; .300 மேக்னம் தருவது 35 ஜூலுக்கு மேல். 4.1 கிலோ எடையுள்ள .375 ரைஃபிள் 50 ஜூலைத் தாண்டிவிடும்.

உடல் இந்த அடியை நினைவில் வைத்துக்கொள்ளும். சில தடவை அடிபட்ட பிறகு, விசையை அழுத்தும் கணத்தில் கண் தானாக மூடும், தோள் முன்னால் தள்ளும், குழல் கீழே சாயும். இந்தத் திடுக்கிடல் ஒரு சென்டிமீட்டரின் சிறு பகுதிதான் என்றாலும் 200 மீட்டரில் மார்புக்கும் வயிற்றுக்கும் உள்ள இடைவெளியாகிவிடும். மேக்னம் தோட்டாவால் கிடைத்த ஐந்து சென்டிமீட்டர் ஆதாயத்தைத் திடுக்கிடல் பல மடங்காகப் பறித்துவிடும். ரைஃபிளின் எடையைக் கூட்டுவது, நல்ல ரப்பர் தோள்பட்டி பொருத்துவது, தென்னாப்பிரிக்காவில் பரவலாக இருக்கும் ஒலியடக்கியைப் பயன்படுத்துவது ஆகியவை அடியைக் குறைக்கும் வழிகள். குழல் வாயில் பொருத்தும் வாயுத் தடுப்பும் அடியைக் குறைக்கும். ஆனால் ஓசையைப் பக்கவாட்டில் திருப்பி அருகில் நிற்கும் வழிகாட்டியின் காதைக் கெடுக்கும்.

ரைஃபிளின் அமைப்பு

சமவெளி வேட்டைக்குப் பெரும்பாலோர் கொண்டுவருவது கையால் இழுத்துத் தள்ளும் போல்ட் வகை ரைஃபிள். பாகங்கள் குறைவு, சுத்தம் செய்வது எளிது, துல்லியம் அதிகம். 1898-ஆம் ஆண்டு மவுசர் அமைப்பில் ஒரு நீண்ட கொக்கி, தோட்டா பெட்டியை விட்டு எழும்போதே அதன் அடிவிளிம்பைப் பற்றிக்கொள்ளும். வெளியேற்றும் வரை விடாது. புழுதியிலும் பதற்றத்திலும் இது தவறுவது அரிது. 1936-இல் வந்த வின்செஸ்டர் மாடல் 70 இதே கொள்கையைப் பின்பற்றியது. 1962-இல் வந்த ரெமிங்டன் 700 போன்றவை தோட்டாவை முன்னால் தள்ளிவிட்டுக் கடைசியில்தான் பற்றும். திருப்பித் தாக்கும் விலங்குகளுக்கு முதல் வகையை வற்புறுத்துவார்கள்; இரலைகளுக்கு இரண்டும் போதும், ரைஃபிள் சுத்தமாக இருந்தால்.

குழல் 55 முதல் 60 சென்டிமீட்டர், தொலைநோக்கியுடன் மொத்த எடை நான்கு கிலோவை ஒட்டி இருந்தால் நாள் முழுவதும் தூக்கி நடக்கவும் அடியைத் தாங்கவும் ஏற்றது. தொலைநோக்கியில் 3 முதல் 9 மடங்கு உருப்பெருக்கம் எல்லா இடத்துக்கும் பொருந்தும். நடக்கும்போது அதைக் குறைந்த அளவில் வைத்திருக்க வேண்டும். புதருக்குள் 40 மீட்டரில் திடீரென்று தோன்றும் குடுவை ஒன்பது மடங்கில் தேடினால் சாம்பல் நிறத் தோல் மட்டுமே தெரியும்.

உயரமான புல்லும் முள்ளும் நிறைந்த நிலத்தில் படுத்துச் சுட இடம் கிடைப்பது அரிது. எனவே மூன்று கம்புகளைச் சேர்த்துக் கட்டிய தாங்கியை வழிகாட்டி நிறுத்துவார். அதன் மேல் ரைஃபிளை வைத்து நின்றபடி சுட வேண்டும். மேசை மேல் மணல் மூட்டையில் வைத்துச் சுட்டுப் பழகியவருக்கு இது புதிது. பயணத்துக்கு முன் அதே போன்ற தாங்கியில் நின்று நூறு தோட்டாக்களையாவது செலவழித்துப் பழகுவது, புதிய ரைஃபிள் வாங்குவதைவிடப் பயன் தரும்.

விலங்குக்கேற்ற தேர்வு

சிற்றிரலைகள், ஸ்பிரிங்பாக், இம்பாலா ஆகியவற்றுக்கு 6.5×55 முதல் .270 வரை எதுவும் போதும். ஆனால் இவை கூட்டமாக நிற்பவை. உடலைத் துளைத்து வெளியேறும் குண்டு பின்னால் நிற்கும் இன்னொன்றைக் காயப்படுத்தும். கூட்டத்திலிருந்து ஒரு விலங்கு தனியே விலகும் வரை காத்திருப்பதே இதற்குத் தீர்வு. குடு தன் அளவுக்கு மென்மையான உடல் கொண்டது; 7×57, .308, .30-06 ஆகியவற்றின் நல்ல குண்டு மார்பில் பட்டால் தூரம் ஓடாது. வில்டபீஸ்ட், ஜெம்ஸ்பாக், வரிக்குதிரை ஆகியவை வேறு ரகம். காயப்பட்டாலும் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் உறுதி படைத்தவை. இவற்றுக்குப் பிணைத்த குண்டோ தடுப்புச்சுவர்க் குண்டோ செம்புக் குண்டோ கட்டாயம்; .30-06 வகுப்புத் தோட்டா அதோடு சேர்ந்தால் நிறைவு. ஈலண்டின் மார்பு மிக ஆழமானது. நேர் பக்கவாட்டில் நின்றால் .30-06-இன் கனமான குண்டு போதும் என்றாலும், அதையே முதன்மையாக நாடுபவர்கள் 9.3×62, .375 ஆகியவற்றைத் தேர்வது பொருத்தம்.

நடைமுறை விதிகளும் தேர்வை வழிநடத்துகின்றன. தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்களை வேட்டைக்குக் கொண்டுவரத் தென் ஆப்பிரிக்கப் பகுதி நாடுகளில் பொதுவாக அனுமதி கிடைப்பதில்லை. விமானத்தில் ஒருவர் எடுத்துச் செல்லக்கூடிய தோட்டாக்களின் எடை வரம்பு பொதுவாக 5 கிலோ. பெட்டி வழியில் தொலைந்துபோனால் .308, .30-06, .375 போன்றவற்றின் தோட்டா தென்னாப்பிரிக்க நகரக் கடைகளில் கிடைத்துவிடும். அரிய தோட்டாவுக்கு அந்த வசதி இல்லை. காயப்பட்டுக் கைக்குக் கிடைக்காமல் போன விலங்குக்கும் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது அங்குள்ள வேட்டை ஒப்பந்தங்களின் வழக்கம். ஒரு துளி இரத்தம் தரையில் விழுந்தாலே விலங்கு சுட்டவர் கணக்கில் சேர்ந்துவிடும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் விடை எளிமையானது. 7×57 முதல் .30-06 வரையுள்ள தோட்டாக்களில் ஒன்று, எலும்பில் சிதறாத உறுதியான குண்டு, நான்கு கிலோவை ஒட்டிய நம்பகமான போல்ட் ரைஃபிள், தாங்கியில் நின்று பெற்ற பயிற்சி ஆகிய நான்கும் ஈலண்ட் தவிர்த்த எல்லாச் சமவெளி விலங்குகளுக்கும் தாராளமாகப் போதும். தூரம் குறைவாகவும் கோணம் நேராகவும் இருந்தால் ஈலண்டுக்கும் போதும். இதைவிடப் பெரிய தோட்டா, தவறான இடத்தில் பட்ட குண்டைத் திருத்தித் தராது. தூரமோ கோணமோ காற்றோ ஐயம் தந்தால் விசையிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். சுடாமல் விட்ட விலங்கு மறுநாளும் அங்கே மேயும். தவறாகச் சுட்ட விலங்கு புதருக்குள் கிடந்து துடிக்கும்.